கண்ணீர் வரவழைக்கும் செய்தியைப் படிப்பது எப்படி? பிரசார உத்திகளை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

1990 அக்டோபர் 10. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து நடத்திய மனித உரிமைக் குழு ஒன்றின் முன் 15 வயதுப் பெண் ஒருத்தி பேசினாள். குவைத்தை இராக் கைப்பற்றி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் பெயர் நயிரா என்று மட்டும் சொன்னார்கள். குவைத்தில் இருக்கும் உறவினர்களின் பாதுகாப்புக்காகக் குடும்பப் பெயர் மறைக்கப்படுகிறது என்றார்கள். தான் ஒரு மருத்துவமனையில் தொண்டு செய்ததாகவும், துப்பாக்கியோடு உள்ளே வந்த இராக்கியச் சிப்பாய்கள் இன்குபேட்டர்களில் இருந்த பச்சிளங்குழந்தைகளை வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் சாகும்படி போட்டுவிட்டு, இன்குபேட்டர்களைத் தூக்கிச் சென்றதாகவும் அவள் அழுதபடி சொன்னாள்.

அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அடுத்தடுத்த உரைகளில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டில் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். 1991 ஜனவரி 12 அன்று போருக்கு அனுமதி தரும் தீர்மானம் 52க்கு 47 என்ற கணக்கில் செனட்டில் நிறைவேறியது. மூன்று பேர் மாற்றி வாக்களித்திருந்தால் அது தோற்றிருக்கும்.

ஓராண்டு கழித்து, 1992 ஜனவரியில், ஜான் மெக்ஆர்தர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸில் உண்மையை எழுதினார். அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். சாட்சியத்துக்குப் பின்னணியில் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதை அமர்த்தியது 'சுதந்திர குவைத்துக்கான குடிமக்கள்' என்ற அமைப்பு. அதற்கு வந்த பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசுடையது. ஒரு கோடி டாலருக்கும் மேல். போர் முடிந்தபின் குவைத் மருத்துவர்களிடம் விசாரித்தவர்களுக்கு அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இராக்கிய ராணுவம் குவைத்தில் கொலையும் சித்திரவதையும் கொள்ளையும் செய்தது உண்மை. அந்த உண்மை இருந்ததால்தான் இந்தப் பொய் எடுபட்டது. பிரசாரம் வெறும் பொய்யாக வருவது அரிது. நாம் ஏற்கெனவே நம்புகிற ஒன்றின் மீது, பெரும்பாலும் சரியாகவே நம்புகிற ஒன்றின் மீது, ஏறிக்கொண்டு வருகிறது. எதிர்க்கட்சிக்காரன் சொல்வதை ஆராய எல்லோருக்கும் தெரியும். நம் மனதுக்கு உகந்த செய்தியை ஆராய்வதுதான் கடினம். கீழே உள்ள படிகள் முக்கியமாக அதற்காகவே. எல்லாவற்றையும் எல்லாச் செய்திக்கும் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம்.

படி 1: செய்திக்கு முன் உங்களைக் கவனியுங்கள்

ஒரு வீடியோவைப் பார்த்ததும் நெஞ்சு கொதிக்கிறதா? பயம் பிடித்துக்கொள்கிறதா? பெருமையில் உடம்பு சிலிர்க்கிறதா? அங்கே நில்லுங்கள். அந்த உணர்ச்சி தவறானது என்று சொல்லவில்லை. குழந்தைகள் கொல்லப்பட்டதாகக் கேட்டுக் கலங்காதவர் மனிதரே அல்ல. ஆனால் அந்தக் கலக்கம் எழுந்த கணத்தில்தான் கேள்வி கேட்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகிறது. பிரசாரகர்கள் அதை நன்றாக அறிவார்கள். குவைத் விவகாரத்தில் எந்தச் செய்தி அமெரிக்கர்களை அதிகம் அசைக்கிறது என்று கருத்தாய்வு நிறுவனத்தை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லைத் தகராறும் எண்ணெய் விலையும் யாரையும் அழவைக்காது. தரையில் கிடக்கும் குழந்தை அழவைக்கும்.

லட்சம் பேர் பட்டினி என்ற எண்ணைவிடப் பெயரும் முகமும் உள்ள ஒரே ஒரு குழந்தைக்கு மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று நன்கொடை பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது இயல்பான மனித இரக்கம். அதே இரக்கத்தைத்தான் பிரசாரமும் பயன்படுத்துகிறது.

செய்ய வேண்டியது எளிது. செய்தியை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். பிறகு, 'இது என்னை என்ன செய்யச் சொல்கிறது?' என்று கேளுங்கள். பகிரவா, வாக்களிக்கவா, வாங்கவா, யாரையாவது வெறுக்கவா? சொல்லப்படும் செய்திக்கும் செய்யச் சொல்லும் காரியத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இன்குபேட்டர் கதை உண்மையாகவே இருந்தாலும், அதிலிருந்து ஒரு முழுப் போருக்குப் போவதற்கு நடுவில் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன.

படி 2: பேசுவது யார், பணம் யாருடையது?

நயிராவின் சாட்சியத்தில் எச்சரிக்கை அறிகுறிகள் அன்றே கண்ணெதிரில் இருந்தன. சாட்சியின் முழு அடையாளம் இல்லை. கேட்டது நாடாளுமன்றத்தின் முறையான குழுவும் அல்ல. உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்த அமைப்பு. அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, பொய் சொன்னால் வழக்கும் கிடையாது. ஏற்பாடு செய்த அமைப்பின் பெயரில் 'குடிமக்கள்' என்ற சொல் இருந்தது. குடிமக்களின் காசு மட்டும் அதில் ஏறக்குறைய இல்லை.

'மக்கள் இயக்கம்', 'பெற்றோர் கூட்டமைப்பு', 'ஆராய்ச்சிக் குழு' என்று பெயர் வைப்பதற்குச் செலவே இல்லை. பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். அந்த அமைப்பு எப்போது தொடங்கப்பட்டது, யார் நடத்துகிறார்கள், வரவு எங்கிருந்து என்று தேடுங்கள். பிரச்சினை வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் முளைத்த அமைப்பு என்றால் இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

பின்னால் இருப்பவர் தெரியாதபடி மக்களின் ஆசையையே முன்னால் நிறுத்தும் உத்தியில் அமெரிக்க மக்கள் தொடர்பு வல்லுநர் எட்வர்ட் பெர்னேஸ் பெயர் பெற்றவர். 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலர் வெளிப்படையாகச் சிகரெட் பற்றவைத்தார்கள். 'சுதந்திரத் தீபங்கள்' என்று அவற்றுக்குப் பெயர் சூட்டப்பட்டது. பெண் விடுதலைக்கான துணிச்சலாகப் பத்திரிகைகள் அதைப் பேசின. பெண்களும் புகைத்தால் விற்பனை இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்ட அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம்தான் பெர்னேஸுக்குச் சம்பளம் கொடுத்தது. பெண்களின் உரிமைக் கோரிக்கை நியாயமானது. அந்த நியாயத்தின் மேல் சிகரெட்டை ஒட்டவைத்தார்கள்.

மருத்துவரின் வெள்ளைக் கோட்டும் இதே வேலையைச் செய்யும். 1940களில் ஒரு சிகரெட் நிறுவனம், மற்றச் சிகரெட்டைவிடத் தன் சிகரெட்டைத்தான் மருத்துவர்கள் அதிகம் புகைக்கிறார்கள் என்று விளம்பரம் செய்தது. இன்று மருத்துவருக்குப் பதில் நடிகரோ, ஓய்வுபெற்ற அதிகாரியோ, லட்சக்கணக்கில் பின்தொடர்வோர் உள்ள யூடியூபரோ பேசுகிறார். அவருக்கு அந்தத் துறையில் என்ன அறிவு, பேசுவதால் அவருக்கு என்ன வரவு? இந்த இரண்டு கேள்விகளும் போதும்.

படி 3: பெயரடைகளை அடித்துவிட்டுப் படியுங்கள்

1937இல் நியூயார்க்கில் பிரசார ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. பிரசாரத்தின் ஏழு கருவிகள் என்று ஒரு பட்டியலை அது வெளியிட்டது: வசைப்பெயர் சூட்டுவது, பளபளக்கும் பொதுச்சொற்கள், ஒன்றின் மதிப்பை மற்றொன்றின் மேல் ஏற்றுவது, பிரபலங்களின் சான்று, 'நானும் உங்களைப் போல எளியவன்' என்று காட்டுவது, சாதகமானதை மட்டும் அடுக்குவது, 'எல்லோரும் வந்துவிட்டார்கள், நீயும் வா' என்று அழைப்பது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபின் 1942இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பட்டியல் மட்டும் உலகெங்கும் பாடப்புத்தகங்களில் வாழ்கிறது. நல்ல பட்டியல்தான். ஆனால் ஏழு பெயரையும் மனப்பாடம் செய்தவர், எதிர்த்தரப்பின் பேச்சில் ஏழையும் கண்டுபிடித்துவிட்டு, தம் தரப்பின் பேச்சில் ஒன்றையும் காணாமல் போவதைத் தினமும் பார்க்கிறோம். பெயர் தெரிவதைவிட, செய்து பார்க்கும் பழக்கம் முக்கியம்.

ஒரு மாதிரி வாக்கியத்தை நானே எழுதித் தருகிறேன்: 'நம் மண்ணின் பெருமையை அழிக்கத் துடிக்கும் கூலிப்படையை விரட்ட, உண்மையான தமிழன் ஒவ்வொருவனும் இதைப் பகிர்வான்.'

இதைப் பிரித்துப் பாருங்கள். கூலிப்படை யார்? பெயர் இல்லை. கூலி கொடுத்தது யார்? தெரியாது. எதை அழித்தார்கள்? 'துடிக்கிறார்கள்', அவ்வளவுதான், இன்னும் எதுவும் நடக்கவில்லை. 'மண்ணின் பெருமை' என்ற சொல் ஒவ்வொருவர் மனதிலும் வெவ்வேறு பொருள் தரும். அதனால்தான் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். 'உண்மையான' என்ற ஒரே சொல், பகிராதவனைப் போலி ஆக்கிவிடுகிறது. உணர்ச்சிச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது 'இதைப் பகிர்' மட்டுமே. அந்த வாக்கியத்தில் சரிபார்ப்பதற்கு ஒரு தகவல்கூட இல்லை.

மொழி, சாதி, மதம், நாடு என்று எதன் பெயரால் வந்தாலும் இந்தச் சோதனை செல்லும். இன்றைக்கு வந்த ஒரு செய்தியை எடுத்துப் பென்சிலால் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் செய்தால் கண் தானே பழகிவிடும்.

வசைப்பெயர்களில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, நல்ல பாட்டும் நகைச்சுவையும் கலந்து, துட்சி இன மக்களைக் 'கரப்பான்பூச்சிகள்' என்று திரும்பத் திரும்ப அழைத்தது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. சுமார் 100 நாள்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. கொலைகள் நடந்தபோது யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதைக்கூட அந்த வானொலி அறிவித்தது. ஒரு மக்கள் கூட்டத்தைப் பூச்சி, கிருமி, கரையான், புற்றுநோய் என்று யார் சொன்னாலும், எவ்வளவு வேடிக்கையாகச் சொன்னாலும், அங்கே மற்றப் படிகள் எதுவும் தேவையில்லை. எழுந்து மறுப்புச் சொல்லுங்கள்.

படி 4: வெட்டி எறிந்தது என்ன?

கூடையின் மேலே நல்ல தக்காளியை அடுக்கிக் காட்டும் வியாபாரி பொய் சொல்வதில்லை. மேலே இருப்பதும் தக்காளிதான். பிரசாரத்தில் பாதி இந்த வகை.

2018இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக இந்தியா முழுவதும் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. அவற்றோடு சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அந்த ஆட்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, குழந்தையைத் தூக்கிப்போக ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடச் சென்ற சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. உடன் வந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரர்கள் என்று நினைத்து ஊரார் அடித்ததில் அவர் இறந்தார். அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு தெரியவில்லை.

வீடியோ என்றால் தொடக்கமும் முடிவும் எங்கே என்று பாருங்கள். காட்சியிலிருந்து ஒரு நிலைப்படத்தை எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், பழைய வீடியோவா, வேறு ஊருடையதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைப் பலகை, வண்டி எண், சீருடை, பேசும் மொழி ஆகியவையும் சாட்சிகள்தான்.

எண்ணிக்கையிலும் இதே வெட்டு வேலை நடக்கும். 'இரு மடங்கு ஆகிவிட்டது' என்றால், எதிலிருந்து எதற்கு? ஒன்றிலிருந்து இரண்டா, ஆயிரத்திலிருந்து இரண்டாயிரமா? எந்த ஆண்டிலிருந்து கணக்குத் தொடங்குகிறது? வரைபடத்தின் இடப்பக்கக் கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா? ஒரு துளி வித்தியாசத்தை மலையாகக் காட்ட அந்தக் கோட்டை நடுவிலிருந்து தொடங்கினால் போதும்.

படி 5: எத்தனை முறை கேட்டோம் என்பது கணக்கில்லை

1977இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, சில வாக்கியங்கள் உண்மையா என்று கேட்டார்கள். சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றை, உண்மையோ பொய்யோ, மாணவர்கள் வரவர அதிகம் நம்பினார்கள். விஷயம் தெரிந்தவர்களையும் இந்தத் திரும்பச் சொல்லல் விடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பழகிய ஒலியை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே முழக்கத்தைச் சுவரிலும் திரையிலும் மேடையிலும் திரும்பத் திரும்ப வைப்பது இதற்காகத்தான்.

ஆகவே எண்ண வேண்டியது ஊடகங்களை அல்ல, மூலங்களை. இன்குபேட்டர் கதையை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல்கூட 1990 டிசம்பர் அறிக்கையில் சேர்த்து, 312 குழந்தைகள் இறந்ததாக எழுதியது. மறு ஆண்டு திரும்பப் பெற்றது. ஆம்னெஸ்டி சொல்கிறது, ஜனாதிபதி சொல்கிறார், செனட்டர்கள் சொல்கிறார்கள் என்று மக்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். எத்தனை பேர் நேரில் பார்த்தார்கள் என்று எண்ணியிருந்தால், அந்தக் கோபுரத்தின் அடியில் சரிபார்க்கப்படாத சில வாக்குமூலங்கள் மட்டுமே இருப்பது தெரிந்திருக்கும்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாக வட இந்தியா முழுவதும் வீடியோக்கள் பரவின. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அதை எடுத்துப் பேசினார்கள். ஒரு வீடியோவில் இருந்தது பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த மோதல் என்றும் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்க வேண்டியிருந்தது. நிலைமையைப் பார்க்க பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. திருப்பூரிலும் கோவையிலும் பயந்துபோன தொழிலாளர்களுக்கு இந்தியிலேயே தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் மாநிலத்தைப் பற்றிய பொய் என்பதால் நமக்கு உடனே புரிந்தது. மற்ற மாநிலத்தாரைப் பற்றி நமக்கு வரும் வீடியோவுக்கும் அதே கண்ணோடு காத்திருக்க வேண்டும்.

படி 6: சந்தேகத்தை விற்பவர்களைக் கவனியுங்கள்

பிரசாரம் எப்போதும் 'நம்பு' என்று சொல்லாது. சில வேளை 'எதையும் நம்பாதே' என்று சொல்லும். என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான உத்தி.

1950களின் தொடக்கத்தில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டத் தொடங்கின. 1953 டிசம்பரில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனத் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். அவர்கள் அமர்த்திய நிறுவனம் எது தெரியுமா? அதே ஹில் அண்ட் நோல்டன். 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில், புகைப்பவர்களுக்கு 'ஒளிவு மறைவற்ற அறிக்கை' என்ற தலைப்பில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. ஆய்வுகள் தவறு என்று அது சொல்லவில்லை. இன்னும் முடிவாகவில்லை, வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, உங்கள் உடல்நலமே எங்களுக்கு முக்கியம், ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றது. அதற்கென ஓர் ஆராய்ச்சிக் குழுவும் அமைத்தார்கள். 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு வெளிப்படையாகவே எழுதியது: சந்தேகம்தான் எங்கள் சரக்கு. 2006இல் அமெரிக்க நீதிமன்றம் இந்த நிறுவனங்கள் பொதுமக்களைப் பல பத்தாண்டுகள் ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனை பேர் புகைத்துச் செத்தார்கள்!

நேர்மையான சந்தேகத்துக்கும் விற்பனைச் சந்தேகத்துக்கும் வித்தியாசம் காண ஒரு கேள்வி உண்டு: 'எந்த ஆதாரம் கிடைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?' நேர்மையானவர் பதில் சொல்வார். மற்றவர் ஆதாரம் வர வர இலக்கைத் தள்ளி வைத்துக்கொண்டே போவார்.

இந்த வழிகாட்டியைப் படித்தபின் 'எல்லாமே பிரசாரம்தான்' என்று யாராவது முடிவுக்கு வந்தால் நான் தோற்றேன். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது உண்மை. அதோடு பிரிட்டன் சரிபார்க்காத கொடூரக் கதைகளையும் சேர்த்துப் பரப்பியது. அவை பொய் என்று பின்னால் தெரிந்தபோது மக்கள் கொதித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் கொல்லப்படும் செய்திகள் கசிந்தபோது, 'இதுவும் அந்தக் கதைதான்' என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். அன்றைய பொய்க்கு விலை கொடுத்தவர்கள் பொய் சொன்னவர்கள் அல்ல.

படி 7: மூன்றாவது வழியைத் தேடுங்கள்

'எங்களோடு இல்லையென்றால் அவர்களோடு.' 'இந்தத் திட்டத்தை எதிர்த்தால் வளர்ச்சிக்கு எதிரி.' இரண்டே வாசல் காட்டப்படும்போது மூன்றாவதை நீங்களே எழுதிப் பாருங்கள். திட்டம் வேண்டும், இடம் வேறு வேண்டும் என்று சொல்லும் விவசாயி எந்தப் பக்கம்? இவ்வளவுதான் இந்தப் படி.

படி 8: குடும்பக் குழுவில் எப்படிச் சொல்வது?

பெரியப்பா அனுப்பிய செய்தி பொய் என்று தெரிகிறது. எல்லோர் முன்னிலும் 'இது பொய்' என்று போட்டால் அவர் தம் மானத்தைக் காக்க இறங்குவார்; செய்தி பின்னால் போய்விடும். தனியாக அழையுங்கள். 'பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்து எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்தேன், வீடியோ வேறு ஊருடையது போலிருக்கிறது. நீங்களே ஒரு வரி போட்டுவிட்டால் மற்றவர்களும் பயப்படமாட்டார்கள்' என்று சொல்லுங்கள். திருத்தும் வாய்ப்பையும் அந்த மரியாதையையும் அவருக்கே கொடுங்கள்.

திருத்தம் எழுதும்போது பொய்யைத் தலைப்பாக்காதீர்கள். திரும்பச் சொன்னால் அதுவே மனதில் நிற்கும். முதலில் உண்மை, பிறகு ஒரே ஒரு முறை பொய், அடுத்து அது எப்படிப் பொய்யானது, கடைசியில் மீண்டும் உண்மை. பழைய வீடியோவையே இணைத்து அனுப்பாதீர்கள். அது உங்கள் திருத்தத்தை உதறிவிட்டுத் தனியே பயணம் போகும். உள்ளூர் பதற்றத்தைத் தூண்டும் செய்தி என்றால் காவல்துறையின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் அவர்களுக்கே அனுப்பிக் கேளுங்கள்.

உறுதியாகத் தெரியாத செய்தியைப் பகிராமல் ஓர் இரவு வைத்திருங்கள். உண்மையான செய்தியாக இருந்தால் காலையில் கூடுதல் விவரங்களோடு, பெயர் போட்ட நிருபரின் செய்தியாக வந்திருக்கும். நீங்களே தவறாக அனுப்பியிருந்தால், அனுப்பிய அதே குழுக்களில் எல்லாம் திருத்தத்தைப் போடுங்கள். அழிக்க மட்டும் செய்தால், பார்த்தவர்கள் பார்த்ததாகவே இருப்பார்கள்.